காடை கூவாத சாலை

வேலை முடிந்து, வீடு இருக்கும் கேட்டி புறநகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஃப்ரீவேயில் வண்டிகள் நகரவில்லை. ராய் கூப்பிட்டார். எங்கள் காடைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராக இருக்கும் வேட்டைக்காரர் அவர். குறுஞ்செய்தி அனுப்புவாரே தவிர, ஃபோனில் பேசுகிற ஆளே இல்லை. டாக்டர் இன்று காலை இறந்துவிட்டார், இதயம் நின்றுவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வந்தது அதற்குப் பிறகுதான்.

இந்தச் சங்க மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு ஃபரீதா அக்கா ஒரு பல் டாக்டர். உங்கள் பிள்ளைகளின் பல்லுக்குக் கம்பி கட்டியவர், பக்ரீத்துக்கு பிரியாணி கொடுத்தனுப்பியவர். குளிர்காலத்தில் அவர் காடை வேட்டைக்குப் போவதும், வசந்த காலத்தில் அதே காடைகளை எண்ணுவதும் சிலருக்குத் தெரியும். தெரிந்தவர்களும் அதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை. துக்கம் விசாரிக்கப் போனபோது வீட்டுக்குள் தமிழர்கள் இருந்தார்கள். வெளியே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ராயும் இன்னும் இரண்டு வேட்டைக்காரர்களும் நின்றார்கள். இரண்டு பக்கத்தையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நான் எண்ணெய் கம்பெனியில் டேட்டா வேலை பார்ப்பவன். பறவை மேல் எனக்கு ஆர்வம் கிடையாது. ரூட் கனால் நடந்துகொண்டிருந்தபோது, கணக்கெடுப்பின் எண்களைச் சரிபார்க்க ஆள் வேண்டும், வருகிறாயா என்று அக்கா கேட்டார். வாய் முழுக்கப் பஞ்சு. "மாட்டேன்னு சொல்லல, அப்ப சரி," என்றார். அப்படித்தான் சேர்ந்தேன்.

வேட்டைக்காரர்கள் தாங்கள் சுட்ட ஒவ்வொரு காடைக்கும் ஓர் இறக்கையை எங்களுக்குத் தருவார்கள். இறக்கையைப் பார்த்தே அது அந்த வருடக் குஞ்சா, மூத்ததா என்று சொல்லிவிடலாம். குஞ்சுகள் அதிகமென்றால் இனம் நன்றாகப் பெருகியிருக்கிறது. ஒரு முறை ஒருவர், உதவியாக இருக்கட்டுமே என்று, எல்லாப் பறவைக்கும் இரண்டு இறக்கைகளையும் அனுப்பிவிட்டார். என் கணக்கில் அவருடைய காடைகள் இரட்டிப்பாகிவிட்டன. மொத்தப் பையையும் தூக்கிப் போடச் சொன்னேன்.

அக்கா சமையலறை மேசையில் உட்கார்ந்து இடது இறக்கைகளை ஒதுக்கினார். "அந்த ஆளு பிரியமா செஞ்சிருக்கான்டா. வலது மட்டும் எண்ணிக்கோ."

அந்த நேரம் பார்த்து அவர் கணவர் ஃப்ரீசரிலிருந்த ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தார். "இதுலயும் இறக்கையா? இந்த வீட்ல மனுஷன் சாப்பிட ஏதாவது இருக்கா?"

"ஐஸ்கிரீம் பல்லுக்கு ஆகாது. மூடி வைங்க."

எங்களுக்குள் உண்மையான சண்டை ஒரு சாலையைப் பற்றித்தான். வசந்த காலத்தில் ஆண் காடை விசிலடிப்பது போலக் கூவும். விடிந்ததும் ஒவ்வொரு தன்னார்வலரும் தன் சாலையில் குறித்த இடங்களில் இறங்கி, ஐந்து நிமிடம் பேசாமல் நின்று, கேட்ட குரல்களை எண்ண வேண்டும். கேட்டிக்கு மேற்கே ஒரு சாலை. புல்வெளி போய் வீடுகள் வந்துவிட்டன. வருடக்கணக்காகப் பூஜ்யம்தான். வேட்டைக்காரர்கள் யாரும் அங்கே போகத் தயாராக இல்லை. அக்கா தானே எடுத்துக்கொண்டார்.

"அக்கா, அதை விட்டுடலாம். பூஜ்யம்தான் வரும்னு எனக்கு இப்பவே தெரியும்."

"தெரியும்ங்கிற. போய் நின்னியா?"

"நின்னா மட்டும் வந்துடுமா?"

"பறவை இருக்கிற இடத்துக்குப் போக எல்லாருக்கும் ஆசை. இல்லாத இடத்துக்கும் ஓர் ஆள் வேணும்ல?"

அந்தச் சாலையை நிறுத்திவிட்டோம் என்று தெளிவாக எழுதி வைத்தால் போதும், கணக்கு கெடாது. அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஒரு முறை என்னையும் கூட்டிப்போனார். புது வீடுகளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தோம். நான்கு நிமிடம் ஓடியிருக்கும். வாக்கிங் வந்த கோயம்புத்தூர் அங்கிள் ஒருவர் நாங்கள் பேசாமல் நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார்.

"யாரைங்க தேடறீங்க?"

"காடை, அங்கிள்."

"காடையா? ஹில்கிராஃப்ட் கடையில ஃப்ரோசன்ல கிடைக்குமேங்க."

அக்கா சிரித்து முடிக்கவே நேரமானது. அங்கிள் போனதும் கடிகாரத்தைத் திரும்பவும் பூஜ்யத்தில் வைத்தார்.

"அக்கா, நாலு நிமிஷம் ஏற்கெனவே போச்சு."

"பேசிட்டோம்ல. முதல்லேர்ந்து."

ஒன்றும் கூவவில்லை. என்ன வரும் என்று தெரிந்தே, தலையை லேசாகச் சாய்த்து அவர் கேட்டுக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. பக்கத்தில் நான் இருப்பதே அப்போது அவருக்கு நினைவில்லை.

இந்த வசந்தத்தில் அந்தச் சாலைக்கு யாரும் பெயர் கொடுக்கவில்லை. பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று என்னிடம்தான் கேட்டார்கள். எடுத்துவிடலாம் என்று மெயில் எழுதினேன். அனுப்பவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த வீடுகளுக்கு எதிரே நின்றபோது அதே அங்கிள் வந்தார்.

"அந்தம்மா வரலீங்களா தம்பி?"

"இறந்துட்டாங்க, அங்கிள்."

சாலைப் பக்கம் கை காட்டினார். "காடை?"

"அதுவும் இல்லீங்க."

அவர் தலையசைத்துவிட்டு நடந்தார். ஐந்து நிமிடத்தில் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. மீதியை நின்று முடித்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எண்ணும் மாறியிருக்காது. கடிகாரத்தைப் பூஜ்யத்தில் வைத்து, முதலிலிருந்து நின்றேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சாலையும், பேச்சு குறுக்கிட்டால் மறுபடி தொடங்கும் இந்தப் பழக்கமும்தான். தூரத்தில் ஒரு புல்டோசர் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. வேறொன்றும் இல்லை. பூஜ்யம் என்று பதிந்துவிட்டு, அந்த மெயிலை அழித்தேன். பிறகு அடுத்த இடத்துக்கு வண்டியை எடுத்தேன்.