பிறந்தநாள் கேக்கோடு வரும் டெலித்

கேக்கின் மேல் மெழுகுவர்த்தியைக் குத்திக்கொண்டே டெலித் புரோதெரோ வகுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாள்?"

யாருக்கும் இல்லை.

"பரவால்ல. நம்ம பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கும் இதே கதைதான். சாப்பிடுங்க."

கடையில் இருப்பதிலேயே மலிவான கேக். அதன் மேல் பெயர் எழுதியிருக்காது. வேல்ஸ் நாட்டின் சுவான்சீ நகரில் ஒரு பழைய தேவாலயத்தின் மாடியறையில் அவள் வகுப்பு நடக்கும். சுற்றுவட்டாரக் கவுன்சில்களிலிருந்து சமூகப் பணியாளர்கள் நனைந்த குடைகளோடு வந்து உட்காருவார்கள். பெற்றவர் துணையில்லாமல் கடல் தாண்டி வந்து அடைக்கலம் கேட்ட பிள்ளைகள் அவர்கள் பொறுப்பில் இருக்கிறார்கள். பதினெட்டு வயது ஆகும்வரை வளர்ப்பு வீடு, வேளாவேளைக்குச் சாப்பாடு. ஆனவுடன் தனி அறை, தனிச் சாவி. இந்த இடைவெளியை எப்படித் தாண்டவைப்பது என்பதுதான் டெலித் நடத்தும் பாடம்.

"பொறந்த தேதி தெரியாதுன்னு சொன்ன பிள்ளைக்கெல்லாம் ஜனவரி ஒண்ணுன்னு போட்டு வச்சிருக்கோம். அன்னைக்கு ஆபீஸ் கிடையாது. பஸ் கிடையாது. பிளம்பரக் கூப்பிட்டா முந்தின நாள் குடிச்சது இன்னும் எறங்கலம்பான். அன்னைக்குப் பாத்து நாம சாவியக் கைல குடுத்து, 'இனிமே நீ பெரிய மனுஷன்'ங்கறோம்."

மீன்கடையில் விலை சொல்பவரின் முகத்தோடு இதைச் சொல்வாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வகுப்பு கேக்கை மெல்லும்.

நெட்டையான உருவம். ஆண்கள் போடும் மழைக்கோட்டு. ஏன் என்று கேட்டால், "பை பெருசு" என்பாள். இரண்டு சொற்கள் அவளுக்கு ஆகாது. ஒன்று 'பயணம்', மற்றது 'மீள்திறன்', அதாவது அடிபட்டும் எழுந்து நிற்கும் திறன். "லாரிக்கு அடியில தொங்கிக்கிட்டு வந்தவன்கிட்ட உன் பயணம் எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க. அவன் என்ன டூரா போனான்?" இந்தச் சொற்களைச் சொன்னவர் தேநீர் இடைவேளையில் எல்லோருடைய கோப்பைகளையும் கழுவ வேண்டும். தொடக்கவுரைக்கு வந்த மேலதிகாரி ஒருவர் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கோப்பை கழுவ நின்றதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவளும் பல வருடம் இதே வேலையில் இருந்தவள்தான். அவள் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். "ஒருத்தன் பிளம்பர். ஒருத்தி நர்ஸ். ஒருத்தன் என்னோட பேசறதில்ல. மூணும் நல்ல சேதிதான்."

போன டிசம்பர் வகுப்பில் ஹூவல் டேன் இருந்தார். அடுத்த ஊர் கவுன்சிலில், பதினெட்டைத் தொடும் பிள்ளைகளுக்கு ஆலோசகராகப் புதிதாகச் சேர்ந்தவர். அதற்கு முன் போலீஸ். வயதில் டெலித்தைவிட மூத்தவர். எல்லோரையும் 'கண்ணு' என்று கூப்பிடும் பழைய ஆள். கேக்கை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, ஒரு விஷயம். என் பொறுப்புல இருக்கற பையன் தெஸ்ஃபாலம் போனை எடுக்க மாட்டேங்கறான். எரித்ரியாக்காரன். அவனுக்கும் இதே ஜனவரி ஒண்ணுதான்."

"எப்பலேர்ந்து?"

"நேத்து மெசேஜ் போட்டதுலேர்ந்து."

"என்ன போட்டீங்க?"

ஹூவல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் பார்த்துப் படித்தார். "வாழ்த்துகள். ஒண்ணாந் தேதியிலேர்ந்து நீ பெரிய ஆளு. வீடு காலி பண்றது பத்திப் பேசணும்." பின்பகுதியில் அவர் குரல் தானாகவே தணிந்துவிட்டது.

டெலித் அவனுடைய வளர்ப்புத் தாய்க்குப் போன் போடச் சொன்னாள். பெரில் என்ற அந்தப் பெண்மணி முதல் மணியிலேயே எடுத்தாள்.

"காலேல பையோட போயிட்டான் உங்க ஆளு. காலேஜுக்குன்னு நெனச்சேன். இப்பத்தான் பாக்கறேன், அலமாரி காலி. தட்டக் கழுவித் துடைச்சு வச்சிருக்கான். ஒரு நாளும் அவன் இவ்ளோ சுத்தமா கழுவினதில்ல. பர்மிங்ஹாம்ல ஒரு சிநேகிதன் இருக்கான்னு சொல்லிட்டிருந்தான்."

டெலித் மழைக்கோட்டை எடுத்து மாட்டினாள். "மீதிப் பாடத்த நீங்களே பேசிக்கிட்டிருங்க," என்று வகுப்புக்குச் சொல்லிவிட்டு, ஹூவலைப் பார்த்தாள். "பஸ் ஸ்டாண்டு. பர்மிங்ஹாம் பஸ் இந்த ஊர்லேர்ந்துதான் கெளம்பும். நடந்தாத்தான் சீக்கிரம்."

மழையில் நடந்தார்கள். ஹூவல் வழியெல்லாம் கேள்விகளை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். எங்க போற, யார்கிட்ட போற, அவன் என்ன வேலை செய்யறான், யார் வரச் சொன்னது.

"இதெல்லாம் அவன்கிட்ட ஏற்கெனவே கேட்டாச்சு ஹூவல். எல்லைல கேட்டாங்க, ஸ்டேஷன்ல கேட்டாங்க, நெஜ வயசு என்னன்னு கணிக்க வந்தவங்க கேட்டாங்க. நீங்க அன்பாத்தான் கேப்பீங்க. அவன் காதுல அந்தக் குரல்தான் விழும்."

"அப்புறம் நான் என்னதான் பேசறது?"

"நீங்க செஞ்சதப் பேசுங்க."

தெஸ்ஃபாலம் பேருந்து நிலையத்தின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான பையன். பையைப் பக்கத்து இருக்கையில் வைத்து அதன் மேல் கையை ஊன்றியிருந்தான். இவர்களைப் பார்த்து அவன் ஓடவுமில்லை, எழுந்திருக்கவுமில்லை. டெலித் எதிர்ப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஹூவல் அவன் முன்னால் நின்றார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தெஸ்ஃபா, நான் போட்ட மெசேஜ் தப்பு. மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கணும். பயந்துபோயி போன்ல போட்டுட்டேன்."

"நீங்க எதுக்குப் பயப்படணும்?"

"நீ அழுதேன்னா என்ன பண்றதுன்னு தெரியல."

பையன் அவரை நிமிர்ந்து பார்த்தான். "நான் அழல. நீங்க அனுப்பறதுக்கு முன்னாடி நானே போயிட்டா யாருக்கும் சிரமமில்ல. பெரிலுக்கும் சிரமமில்ல."

"அனுப்பல கண்ணு. ரூம்தான் மாறுது. ஆள் மாறல. இருபத்தஞ்சு வயசு வரைக்கும் உன்னப் பாத்துக்க கவுன்சில்ல ஒரு ஆள் உண்டு."

"உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும் கண்டிப்பா இருப்பேன்னாங்க. வெயில் காலம் முடியறதுக்குள்ள போயிட்டாங்க. நீங்க இருப்பீங்களா, எனக்கு இருபத்தஞ்சு ஆகறவரைக்கும்?"

ஹூவல் டெலித்தைப் பார்த்தார். அவள் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல," என்றார் ஹூவல். "எனக்கு அம்பத்தெட்டு ஆச்சு. முட்டி ரெண்டும் போச்சு. நாளைக்கு இருப்பேன், அது மட்டும் தெரியும். நாளைக்கு அந்த ரூமப் போய்ப் பாப்போம். பிடிக்கலன்னா சொல்லு, மேல போய் நான் சண்ட போடறேன்."

"ஜனவரி ஒண்ணு வேண்டாம். அன்னைக்கு மாற மாட்டேன்."

"சரி. வேற நாள் கேக்கறேன்."

"கேட்டும் குடுக்கலன்னா?"

"அப்ப அன்னைக்கே என் வண்டியோட வந்து நிக்கறேன். ராத்திரி வரைக்கும் உன்கூட இருக்கேன். என் பொண்டாட்டி சத்தம் போடுவா. போடட்டும்."

பர்மிங்ஹாம் பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் இறங்கி மூட்டைகளை வாங்கிப் பேருந்தின் அடியிலிருந்த சாமான் அறையில் அடுக்கினார். "தம்பி, உன் பையையும் குடு," என்று கை நீட்டினார். தெஸ்ஃபாலம் பையின் வாரைப் பிடித்தான்.

பையன் வேண்டாமென்று தலையாட்டினான். பையை எடுத்துத் தன் கால்களுக்கு நடுவே தரையில் வைத்தான். காலியான இருக்கையில் தேங்கியிருந்த ஈரத்தைச் சட்டைக்கையால் துடைத்தான். ஹூவல் இரண்டு முட்டியையும் பிடித்துக்கொண்டு மெல்ல அதில் உட்கார்ந்தார்.

பேருந்து கிளம்பிப் போனது. டெலித் எழுந்து கால அட்டவணைப் பலகைக்கு நடந்தாள். இருவருக்கும் முதுகைக் காட்டி நின்று, தான் ஒருநாளும் ஏறப்போகாத பேருந்துகளின் நேரங்களை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.