காபிக்காரி விமானத்தை விட்ட கதை

வேண்டுமென்றே விட்டாளாம்! மூன்றாவது வீட்டுக்காரி சொன்னாள் என்று தெருவே சொல்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். அதற்காக, பெற்ற மகளைப் பார்க்கப் பிடிக்காமல் காபிக்காரி விமானத்தை விட்டாள் என்று சொன்னால் வாய் அழுகிப்போகும். நடந்ததைக் கேளுங்கள்.

மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய் இரண்டு வருஷம். அம்மாவும் பேசவில்லை, மகளும் பேசவில்லை. ரோஷத்தில் தாயைப் போலப் பிள்ளை. திடீரென்று ஒருநாள் போன். "அம்மா, இந்த வாரமே பிறந்துடும்னு டாக்டர் சொல்றாங்க. பயமா இருக்கு. வர்றியா?" போனை வைப்பதற்குள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துவிட்டாள்.

விமான நிலையத்துக் காபிக் கடையில் அவளுக்குப் பதினோரு வருஷ வேலை. ஒருநாளும் விமானம் ஏறினதில்லை. ஆனால் எந்த விமானம் எந்த வாசல் என்பது தண்ணீர் பட்ட பாடு. காபி கேட்பவரிடம், "எத்தனை மணிக்கு ஏறணும்?" என்பாள் முதலில். நேரம் இருந்தால் பீங்கான் கோப்பை, இல்லாவிட்டால் மூடி போட்ட காகிதக் கோப்பை. அசந்து உட்கார்ந்திருப்பவர்களை அதட்டி விரட்டுவதும் அவள்தான்.

அன்றைக்கு மூன்று மணி நேரம் முன்னாடியே போய், அதே கடையில், வந்தவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மகாராணிக்கு என்ன வேணும்?" என்றார் கூட வேலை செய்யும் பெரியவர்.

"பீங்கான்ல கொண்டாங்கண்ணே. இன்னைக்காவது சூடா இருக்கட்டும்."

பாதி குடிப்பதற்குள், தாமதமாகிப்போன ஏதோ விமானத்துக் கூட்டம் வந்து கடையை மொய்த்தது. பெரியவர் ஒற்றை ஆள். இவள் கை சும்மா இருக்குமா? "ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனவள்தான். பால் காய்ச்சி, கோப்பை கழுவி, நேரம் போனதே தெரியவில்லை. ஏழாம் வாசலுக்குக் கடைசி அழைப்பு வந்தது. மூலையில் பேசிக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டியைப் பார்த்து, "ஏழாம் வாசல்தானே? ஓடுங்க, ஓடுங்க! காபி எங்கயும் கிடைக்கும்!" என்று விரட்டினாள். அவர்கள் ஓடினார்கள். இவள் மேசை துடைக்க வந்தாள்.

"பாதி காபி ஆறிக்கிடக்கே, யாருதுண்ணே இது?" என்று கேட்டாள் பாருங்கள், அப்போதுதான் உறைத்தது. அவளுக்கும் ஏழாம் வாசல்தான்.

அன்றைக்கு அந்த ஊருக்கு வேறு விமானம் இல்லை. பெட்டியோடு திரும்பியவளைப் பார்த்து, "போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடே" என்று சிரித்தாள் மூன்றாவது வீட்டுக்காரி. மறுநாள் காலையில் குழந்தை பிறந்துவிட்டது. "ஊரையெல்லாம் ஏத்தி விட்டே, என்கிட்ட வரத்தான் முடியல. இனிமே வராதே" என்றாள் மகள் போனில். அடுத்தவர் நேரத்தையே காதில் வைத்துப் பழகினவளுக்குத் தன் நேரம் கேட்கவில்லை. தப்புதான். பாசமில்லை என்றா ஆகிவிடும்?

மூன்றாம் நாள், கடையில் லீவு சொல்லிவிட்டு, பெட்டியோடு வீட்டுப் படியிறங்கினாள்.

"என்னக்கா, வர வேண்டாம்னுட்டாளாமே? போய் நின்னு, கதவைத் திறக்கலன்னா?" என்றாள் மூன்றாவது வீட்டுக்காரி.

"வாசல்ல உட்கார்ந்திருப்பேன். அவ திறக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்" என்றாள் காபிக்காரி, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே.