போணி ஆகாத லாட்டரிக் கடை

அண்ணாச்சி செத்துப் பல வருஷம் ஆகிறது. அவர்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு மட்டும் இன்னும் சாவு வரவில்லை. மன்னிக்கச் சொல்லிப் பாதிரியார் பிரசங்கம் வைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோயில் சுவரில் தொங்கும் சிவகாசிக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். கல்யாணம் ஆன புதிதில், அது ஐம்பதுகளின் நடுவில், என் வீட்டுக்காரர் அண்ணாச்சியின் வத்தல் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். முன்பக்கம் வத்தல் வியாபாரம், பின்கட்டில் குதிரைப் பந்தயம். மெட்ராஸ் ரேஸ் மைதானத்துக்குள் நின்று பணம் கட்டினால் அது சட்டம். அதே குதிரைமேல் எங்கள் ஊரில் கட்டினால் குற்றம். தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆபீசிலும் சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்கள் நேரே அந்தப் பின்கட்டுக்குத்தான் வருவார்கள். ஜட்கா வண்டிக் குதிரையைத் தவிர வேறு குதிரையைக் கண்ணால் கண்டவர்கள் அவர்களில் ஒருவரும் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். பேப்பரைப் பார்த்துக் குதிரைப் பெயர்களைச் சத்தமாகச் சொல்வார், துண்டுச்சீட்டு எழுதிக் கொடுப்பார். ஒரு பெயர் தன் மச்சான் பெயர் மாதிரி இருக்கிறது என்று ஒரு பட்டாசுக்காரர் அந்தக் குதிரையைத் தொடவே மாட்டார். எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. வேறு வேலை பாருங்கள் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டேஷனுக்கு அவ்வப்போது சூதாட்டக் கேஸ் காட்ட வேண்டியிருக்கும். முதலாளியைப் பிடிக்க மாட்டார்கள். முதலாளி ஓர் ஆளைக் கொடுப்பார். அந்த ஆள் கோர்ட்டில் போய்க் குற்றத்தை ஒத்துக்கொள்வார், அபராதத்தை முதலாளி கட்டுவார், அதோடு சரி. ஒரு வருஷம் என் வீட்டுக்காரர் முறை வந்தது. எங்கள் வாசலில் நின்று அண்ணாச்சி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"பயப்படாதலே. காலையில போனா சாயங்காலம் வந்துறலாம். பேருல என்ன இருக்கு, ஒட்டிக்கிட்டா வரப்போகுது?"

சொன்னபடி சாயங்காலம் வந்துவிட்டார். அண்ணாச்சி வீட்டிலிருந்து கறிக்குழம்பு வந்தது. ஏதோ பரீட்சை பாஸ் செய்த மாதிரி எல்லோரும் அவரைக் கிண்டல் செய்தார்கள். நான் அந்தக் குழம்பைத் தொடவில்லை.

அறுபதுகளின் கடைசியில் சர்க்காரே லாட்டரிச் சீட்டு அடித்து விற்கப்போகிறது என்று செய்தி வந்தது. கடைத்தெருவே சிரித்தது. இத்தனை நாள் பிடித்தவர்களே இனிமேல் விற்கப்போகிறார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் நேர்மையான தொழில் ஆகிவிட்டது. சொந்தமாக ஏஜென்சி எடுத்து, யாரும் 'ஏலே' என்று கூப்பிடாமல் உட்கார்ந்து விற்கலாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் இடம் பார்த்தார். தகரப் பலகை வாங்கி அவரே பெயின்ட் அடித்துத் தன் பெயரை எழுதினார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் முன்னால் பார்த்ததே இல்லை.

லாட்டரி ஆபீசில் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சூதாட்டக் கேஸில் தண்டனை ஆனவருக்கு ஏஜென்சி கிடையாதாம். ஒட்டாது என்று சொன்ன பெயர் நன்றாகவே ஒட்டியிருந்தது. அண்ணாச்சி பெயரிலோ எந்தக் கேஸும் இல்லை. ஏஜென்சி அவருக்குக் கிடைத்தது. கிடைத்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நமக்குத்தாம்லே கெடச்சிருக்கு. நீ வந்து எப்பவும் போல சீட்டக் கொடு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, நீங்கதான் வந்து போணி பண்ணணும். ஒங்க கைராசி எனக்குத் தெரியும்."

அவர் எண்ணெய்க்கடை திறந்தபோதும் பருப்பு குடோன் திறந்தபோதும் முதல் வியாபாரம் என் கையால்தான் நடந்தது. இரண்டும் ஓஹோ என்று ஓடின. எங்கள் கடைத்தெருவில் முதல் ஆள் வாங்காமல் திரும்பினால் அந்தக் கடை விளங்காது என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். விண்ணப்பம் திரும்பிய நாளிலிருந்து அவர் பேசுவதும் குறைந்துவிட்டது, சாப்பிடுவதும் குறைந்துவிட்டது. தகரப் பலகை தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகக் கிடந்தது.

திறப்பு விழாவுக்குக் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். வாசலில் பன்னீர், சந்தனம். லாட்டரி ஆபீசரும் போலீஸ் இன்ஸ்பெக்டரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பழைய பின்கட்டு ஆட்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் நான். அண்ணாச்சி முதல் சீட்டைக் கண்ணில் ஒற்றி இரண்டு கையாலும் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. எங்க வீட்ல சூதாட்டக் கேஸ் இருக்கு. கேஸ் உள்ளவுக இந்தச் சீட்டத் தொடக்கூடாதுன்னு ஆபீசரையா சொல்லியிருக்காக. ஒங்க கேஸத்தான் நாங்க சொமந்தோம், அதுவும் ஐயாவுக்குத் தெரியட்டும்."

எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கே கேட்கிற தொண்டை என்னுடையது. இன்ஸ்பெக்டர் தன் தொப்பியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் திரும்பி நடந்தேன். பின்னால் அண்ணாச்சி, "ஏலே, நீயாவது வந்து வாங்குலே," என்று அடுத்த ஆளைக் கூப்பிடுவது கேட்டது. அந்த ஆள் வரவில்லை. பந்தயம் கட்டுகிறவனுக்கு இருக்கிற சகுன பயம் வேறு யாருக்கும் கிடையாது. போணி முறிந்த கடையில் சீட்டு வாங்கி லட்சாதிபதி ஆகலாம் என்று நம்ப அந்த வரிசையில் ஓர் ஆள்கூட இல்லை. சாத்தூருக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பாவம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு வெயில்கூட எனக்கு இதமாக இருந்தது.

சாயங்காலம் அண்ணாச்சியின் கணக்குப்பிள்ளை வந்தார்.

"அண்ணாச்சி ரொம்ப ஒடஞ்சு போயிட்டாக டீச்சரம்மா. ஒரே ஒரு சீட்டு. நீங்க வந்து வாங்கிட்டா எல்லாஞ் சரியாயிரும். என்ன வேணும்னாலும் கேளுங்க."

"வாரேன். அதுக்கு முந்தி அண்ணாச்சி ஸ்டேஷனுக்குப் போயி, அந்தக் கேஸ் தன்னோடதுன்னு ஒத்துக்கிடட்டும். பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. காலையில போனா சாயங்காலம் வந்துறலாம்."

கணக்குப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணாச்சி ஸ்டேஷனுக்குப் போகவில்லை, நானும் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. அன்றைக்கு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், வெகு நாளைக்குப் பிறகு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.