என் மகள் விழுங்கிய ஆணி

ஐம்பத்துநான்காம் ஆண்டு பங்குனி மாதம், சூசையப்பர் திருநாளுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அன்று சனிக்கிழமை பின்னேரம் என் மகள் திரேசி ஓர் ஆணியை விழுங்கிவிட்டாள். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. ஆணி என்னுடையது.

கோயில் வாசலில் என்னைக் கண்டு, "புள்ள பிழைச்ச கதையச் சொல்லுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. இதுவரை பாதியைத்தான் சொல்லி வந்தேன். மீதியை மறைத்துக்கொண்டு இதைச் சாட்சி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் முழுவதையும் சொல்கிறேன்.

நான் கல்முனையில் தபால் கந்தோரில் கிளாக்கர். மரவேலை எனக்குத் தொழில் அல்ல, ஆசை. வீட்டின் பின் விறாந்தையில் ஒரு மேசையும், இரண்டு மூன்று உளியும், ஒரு சீவுளியும், ஒரு வாளும் வைத்திருந்தேன். அந்த வருடம் எங்கள் கோயிலில் சூசையப்பர் சுரூபத்துக்குப் புதுப் பீடம் வேண்டும் என்று பங்குச் சுவாமி பூசை முடிவில் சொன்னார். நான் எழுந்து நின்று, "நான் செய்து தாறன் சுவாமி" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் வீட்டில் இருந்தும் இல்லாத ஆளாகிவிட்டேன். கந்தோர் விட்டு வந்தால் நேரே விறாந்தைக்குப் போய்விடுவேன். செபமாலை சொல்ல என் மனைவி நேசம்மா கூப்பிட்டால், "நான் செய்யிறதும் செபந்தான்" என்பேன்.

"ஆணி எல்லாம் கீழ சிந்திக் கிடக்கு. புள்ள நடமாடுற இடம்" என்று அவள் எத்தனையோ முறை சொன்னாள்.

"கடவுளுக்குச் செய்யிற வேல. அவர் பாத்துக்கொள்ளுவார்" என்று ஒரு நாள் சொல்லியும்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நான் பீடத்தின் ஓரச் சட்டங்களை அடித்துக்கொண்டிருந்தேன். முதிரை மரம். அளவு பிசகினால் வெடித்துவிடும். நாலைந்து சிறு ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, ஒன்றொன்றாக எடுத்து அடிப்பது என் பழக்கம். திரேசி என் காலடியில் மரச் சீவல்களோடு விளையாடிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். மேசையடியில் இருந்த ஆணி டின்னிலிருந்து ஒன்றை எடுத்து, என்னைப் போலவே உதட்டில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் அதைக் கண்டேன். கண்டுவிட்டுச் சிரித்தேன். அழகாக இருந்தது. இந்த ஓர் ஆணியை அடித்துவிட்டு வாங்குவோம் என்று திரும்பிக்கொண்டேன்.

முதுகுக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது.

"எங்க மகள் ஆணி?"

அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "உள்ளுக்கு" என்றாள்.

பக்கத்து வீட்டு முகைதீன் காக்காவிடம் ஒரு வாடகைக் கார் இருந்தது. நேசம்மா போட்ட சத்தத்தில் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, "மூச்சுக் குழாய்க்குப் போகல்ல. ஆனா எக்ஸ்ரே படம் எடுக்க வேணும். மட்டக்களப்புக்குக் கொண்டு போங்க" என்றார். கல்லாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது நான் தேம்பினேன். முகைதீன் காக்கா கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல், "தம்பி, அழுறத விட்டுட்டு உங்கட செபத்தச் சொல்லுங்க. நானும் துஆ கேக்கிறன்" என்றார். பின் ஆசனத்தில் நேசம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என் பக்கம் ஒரு தரமும் திரும்பவில்லை.

படத்தில் ஆணி தெளிவாகத் தெரிந்தது. என் மகளின் வயிற்றுக்குள் ஒரு வெள்ளைக் கோடு. பெரிய டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"தானா வெளியில வரலாம். வராமல் எங்கயும் குத்தி நிண்டா வெட்டி எடுக்க வேணும். பேதிக்கு ஒண்டும் குடுக்கக் கூடாது. சோறும் வாழைப்பழமும் குடுங்க. போறதை ஒவ்வொரு தரமும் கிளறிப் பாருங்க."

அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஓர் எனாமல் பேசினும் ஓர் ஈர்க்குக் கட்டும். பீடம் செய்யப் போகிறேன் என்று ஊருக்கு முன் எழுந்து நின்றவன், ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் குந்தியிருந்து மலத்தைக் கிளறினேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமில்லை. திங்கட்கிழமை ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை.

திரேசிக்கு அடுத்த கட்டிலில் ஜெமீலா என்று ஆறு வயதுப் பிள்ளை டைபொயிட் என்கிற நெருப்புக்காய்ச்சலில் கிடந்தாள். மாவடிப்பள்ளியில் வயல் செய்கிற குடும்பம். தகப்பன் நெல் வெட்டுக்கு நின்றதால், தாய் ஆசியா உம்மா தனியாகத்தான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தா. முதல் நாளே தன் பையிலிருந்த வாழைப்பழச் சீப்பில் பாதியைப் பிய்த்து நேசம்மாவிடம் கொடுத்தா. "எண்ட மகளுக்கு இப்ப கஞ்சித் தண்ணிதான். உங்கட புள்ள தின்னட்டும்" என்றா.

நான் செபித்தேன். ஆனால் அது என்ன செபம்? வழக்காடினேன். "சூசையப்பரே, உமக்குத்தானே பீடம் செய்தேன். எத்தனை பேர் வீட்டில் சும்மா இருந்தார்கள், நான்தானே முன்வந்தேன். இதுவா எனக்குக் கூலி?" மூன்று நாளும் இதுதான். வாய் மாதாவுக்குப் பிரியதத்த மந்திரம் சொல்லும், நெஞ்சு சண்டை பிடிக்கும்.

புதன்கிழமை காலையில் திரேசிக்குக் காய்ச்சல் காய்ந்தது. வயிற்றைத் தொட்டால் வீரிட்டாள். திரும்பவும் படம் எடுத்தார்கள். ஆணி திங்கட்கிழமை எடுத்த படத்தில் இருந்த இடத்திலேயே நின்றது.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஒப்பரேசன்" என்றார் பெரிய டொக்டர். "சின்னப் பிள்ளை. நான் உறுதி ஒண்டும் சொல்ல மாட்டன்."

ஒரு கடதாசியை நீட்டினார்கள். கந்தோரில் நாளுக்கு நூறு இடத்தில் கையெழுத்து வைக்கிறவன் நான். அன்று என் பேரையே எழுத்துக் கூட்டித்தான் எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வேப்பமரத்தின் கீழ் நேசம்மா இருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். "கடவுளுக்கு வேல செய்த எனக்கு ஏன் இப்படி?" என்று கேட்டேன்.

நாலு நாளைக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அவர் உங்களிட்டப் பீடம் கேட்டவரா? புள்ளையத் தந்து பாத்துக்கொள்ளச் சொன்னவர். அதுதான் அவர் தந்த வேல."

அதுவரை யாருக்கும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். பிள்ளையின் உதட்டில் ஆணியை நான் கண்டேன் என்று. கண்டும் சிரித்தேன் என்று. ஓர் ஆணி அடிக்கிற நேரத்துக்காகத் திரும்பிக்கொண்டேன் என்று.

அவள் தலைச் சீலையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். நெடுநேரம் அழுதாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. இடுப்பிலிருந்து செபமாலையை எடுத்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

"எனக்கு வாய் வருகுதில்ல."

"அப்ப நான் சொல்லுறன். நீங்க கூட இருங்க."

அவள் சொன்னாள். நான் கூட இருந்தேன். செபமாலையின் அந்த ஐம்பத்துமூன்று மணிகளுக்குள் எங்கேயோ என் வழக்கு நின்றுபோனது. "ஆண்டவரே, பிழை என்னுடையது. தண்டனை பிள்ளைக்கு வேண்டாம். அவளை எங்களுக்குத் தாரும்." வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை.

உள்ளே திரும்பி வந்தபோது ஆசியா உம்மா திரேசியின் தலையில் கை வைத்து ஏதோ ஓதிக்கொண்டிருந்தா. எங்களைக் கண்டதும் கையை எடுத்தா. "உங்கட புள்ளைக்கும் ஓதினன். கோவிக்க மாட்டீங்கதானே?"

"இல்ல ராத்தா" என்றேன். அவவின் சொந்தப் பிள்ளை அன்று காலையிலிருந்து கண் திறக்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்தபோது திரேசிக்குக் காய்ச்சல் விட்டு உடம்பு குளிர்ந்திருந்தது. எட்டு மணிபோல வெளிக்குப் போக வேண்டும் என்றாள். பேசினைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். ஈர்க்கால் கிளறினேன். இரும்பு எனாமலில் பட்ட சத்தம் கேட்டது.

கழுவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கறுத்துப் போயிருந்தது, ஆனால் முழு ஆணி. "வந்திட்டு! ஆணி வந்திட்டு!" என்று கத்திக்கொண்டு வார்டுக்குள் ஓடினேன். தாதிமார் சிரித்தார்கள். நேசம்மா முழங்காலில் விழுந்தாள். பெரிய டொக்டர் இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பரேசனை நிறுத்தினார். "இப்படியும் சில வேளை நடக்கும். உங்கட நல்ல காலம்" என்றார். நான் அவரோடு வாதாடவில்லை. நடக்கக்கூடியது நடந்தது. ஆனால் நாங்கள் கேட்டோம், பிறகு நடந்தது. எனக்கு அது போதும்.

இதுதான் நான் இதுவரை சொல்லி வந்த பாதி.

அன்று மத்தியானம் ஜெமீலா போய்விட்டாள்.

நான் கத்திக்கொண்டு ஓடி வந்தபோது ஆசியா உம்மாவும் தலை நிமிர்ந்து சிரித்தா. அதற்குப் பின் நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. தகப்பன் வந்து பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கினார். புறப்படும்போது அவ எங்கள் கட்டிலருகே வந்து நின்றா. திரேசியின் கன்னத்தைத் தடவினா.

"கவனமாப் பாத்துக்கங்க தம்பி. அல்லாஹ் உங்களுக்கு ரெண்டாம் தரம் தந்திருக்கான்."

அவ போன பிறகுதான் அது என்னைக் குத்தியது. ஐந்து நாள். எத்தனை செபமாலை, எத்தனை மன்றாட்டு! ஒன்றில்கூட ஜெமீலா என்ற பேர் இருக்கவில்லை. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் கிடந்த பிள்ளை. அவளுடைய தாய் என் பிள்ளைக்காகக் கேட்டா. நான் அவளுக்காக ஒரு மூச்சுக்கூட விடவில்லை.

அடுத்த நாள் திருநாள். சுரூபத்தைப் பழைய மேசையிலேயே வைத்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. நான் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொல்லி, "என்ட புள்ளையத் தந்தவர் அந்தப் புள்ளைய ஏன் எடுத்தவர்?" என்று கேட்டேன். "எனக்கும் தெரியாது மகன்" என்றார் சுவாமி. "நீ அந்த வீட்டுக்குப் போனியா?"

நாற்பதாம் நாள் நேசம்மாவும் நானும் மாவடிப்பள்ளிக்குப் போனோம். திரேசியைக் கண்டால் அவவுக்கு மனம் நோகும் என்று வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தோம். ஆசியா உம்மா வாசலுக்கு வந்து எங்கள் இருவருக்கும் பின்னால் எட்டிப் பார்த்தா.

"புள்ளையக் கொண்டு வரல்லையா? நான் ஓதின புள்ளைய நான் பாக்கப்படாதா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கொண்டு போனோம். அவ திரேசியை மடியில் இருத்திச் சோறு ஊட்டினா. ஊட்டிக்கொண்டே அழுதா. திரேசி அவவின் கண்ணீரைத் துடைக்கப் போய், முகமெல்லாம் சோற்றை அப்பிவிட்டாள். அவ அழுகையும் சிரிப்புமாக இருந்தா. இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை போகிறோம்.

என் மரவேலை நிற்கவில்லை. செபமாலை மணி அடித்தால் உளியைக் கீழே வைக்கிறேன், அவ்வளவுதான் மாற்றம். பீடத்தை ஆடியில் செய்து முடித்தேன். அதில் என் பேரை வெட்டவில்லை.

சகோதரரே, உங்களில் யாருடைய பிள்ளையாவது இந்தக் கிழமை ஆஸ்பத்திரியில் கிடக்கலாம். ஆண்டவரிடம் கேளுங்கள். வாய் கசந்தாலும், நெஞ்சில் பிழை இருந்தாலும் கேளுங்கள். நான் நல்லவனாகும்வரை அவர் காத்திருக்கவில்லை. ஒன்றை மட்டும் என்னைப் போல விட்டுவிடாதீர்கள். கண்ணை மூடுவதற்கு முன், அடுத்த கட்டிலில் கிடக்கிற பிள்ளையின் பேர் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.