எழுந்து நிற்க வேண்டியவர்

செய்தி வந்தபோது நான் கிளமெண்டி ரயில் நிலைய வாசலில் மழை விடட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். என் மகள் யாழினியின் பெயர் கைப்பேசியில் தெரிந்தது. அவள் குறுஞ்செய்தி அனுப்புவாளே தவிர என்னை அழைப்பது அரிது.

"அப்பா, டாடி போயிட்டாரு," என்றாள். எனக்குப் புரியவில்லையோ என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாகத் தொடர்ந்தாள். "காலைல வேலைக்குக் கிளம்பும்போது ஹார்ட் அட்டாக். ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஒண்ணும் பண்ண முடியல."

அப்பா என்று அவள் அழைப்பது என்னை. டாடி, தனபாலன். யாழினியின் தாய் மாலதியும் நானும் பிரிந்து சில ஆண்டுகளுக்குப் பின் மாலதி மணந்துகொண்டவர். செம்பவாங் கப்பல் பட்டறையில் கிரேன் இயக்கியவர். அவருடைய வேலையிட நண்பர்களும் அடுக்குமாடி புளோக்கின் அண்டை வீட்டாரும் சேர்ந்து கொண்டுவரும் இந்தச் சிறு நினைவு மலரில் என் பெயரைப் பார்த்து உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். அது நியாயம்தான். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே நிறையப் பேர். யாழினி கேட்டாள் என்பதால் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியாது என்பதாலும்தான்.

பல ஆண்டுகள் அவரும் நானும் லிஃப்ட் வாசலில் தலையசைத்துக்கொள்வதோடு சரி. யாழினியை அழைத்துப் போக நான் செம்பவாங் போவேன். அவர் அவளோடு கீழே இறங்கி வந்து, அவள் என் காரில் ஏறும் வரை நிற்பார். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த உறவுக்கு நம் மொழியில் முறைப்பெயர் கிடையாது. முதலில் என்னை 'சார்' என்றார். ஒருநாள் அவராகவே அதை 'பிரதர்' என்று மாற்றிக்கொண்டார். நான் அவரைக் கடைசிவரை 'மிஸ்டர் தனபாலன்' என்றே அழைத்தேன்.

எங்களை ஒரே மேசையில் உட்கார வைத்தது யாழினியின் பல்கலைக்கழக விண்ணப்பம். அவள் புவியியல் படிக்க விரும்பினாள். நான் கணினித் துறைதான் என்று பிடிவாதமாக இருந்தேன். எந்தப் பட்டத்துக்கு என்ன சம்பளம் கிடைக்கும் என்று ஒப்பிடும் இணைப்புகளை வாரம் தவறாமல் அவளுக்கு அனுப்பினேன். அவள் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அந்த வீட்டிலோ வேறு கவலை. பட்டறையில் அவருக்கு ஓவர்டைம் குறைந்துவிட்டிருந்தது. உதவித்தொகை கிடைக்காவிட்டால் ஒரு வருடம் வேலைக்குப் போய்விட்டுப் பிறகு படிக்கிறேன் என்று யாழினி சொல்லத் தொடங்கியிருந்தாள். படிப்புச் செலவு முழுவதையும் நானே ஏற்கிறேன் என்று சொன்னேன். "வேணாம்பா," என்றாள், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் நான் வாதாடியிருப்பேன்.

இணையப் படிவத்தை அந்த வீட்டில் மூவருமாகச் சேர்ந்து நிரப்பிய கதையை அவர் பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்வார். ஆளாளுக்குத் தங்கள் கைப்பேசியில் ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஒருவர் கொடுப்பதற்குள் இன்னொருவருடையது காலாவதியாகிவிடும். மாலதிக்குப் பொறுமை போகும், யாழினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், இவர் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பேரு, சம்பளம், வயசு, பேரு, சம்பளம், வயசு. ரொப்ப ரொப்ப நாமளே சின்னதாகிப் போற மாதிரி இருக்கு பிரதர்," என்பார்.

பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையோடு, சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்கும் அவள் விண்ணப்பித்தாள். அதற்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும்: உன் வாழ்வில் நீ கடந்துவந்த சிரமம் எது? அந்தக் கட்டுரை முடிந்த வாரத்தில்தான் தனபாலன் முதன்முறையாக என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நேரில் பேச வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவில், பஃபலோ ரோட்டுப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். கூட்டம் நெருக்கியடித்தது. சாப்பாடு வருவதற்கு முன்பே அவர் கைப்பேசியை என் பக்கம் தள்ளினார். யாழினியின் கட்டுரை. அதன் முதல் பத்தி என்னைப் பற்றியது. நான் வீட்டைவிட்டுப் போன காலையில் அவள் பள்ளிச் சீருடையோடு சோபாவில் உட்கார்ந்திருந்ததையும், யாரும் அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போகாததையும், மதியம்வரை காலணியைக் கழற்றாமலே இருந்ததையும் எழுதியிருந்தாள். இரண்டாவது பத்தி முதல் கடைசிவரை தனபாலனைப் பற்றியது. தன்னை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அவர் அவளிடம் கேட்டுவிட்டு, அவளாக ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வரை எந்தப் பெயரும் இல்லாமலே அந்த வீட்டில் காத்திருந்ததைப் பற்றியது.

நான் முதல் பத்தியிலேயே நின்றுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட காட்டாம அனுப்ப மனசு வரல பிரதர். நான் காட்டப்போறேன்னு அவளுக்குத் தெரியும். இதுல இருக்கறது தப்புன்னா சொல்லுங்க, மாத்தச் சொல்றேன்."

தப்பில்லை என்றேன். காலணி விஷயம் எனக்கு அதுவரை தெரியாது என்பதையும் சொன்னேன். "அப்ப அனுப்பிடலாமா?" என்றார். அனுப்பலாம் என்றேன். அதன்பின் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றச் சொன்னார். என் பணத்தை வாங்குவதைவிட, நான் போனதைப் பற்றி எழுதுவது என் மகளுக்கு எளிதாக இருந்திருக்கிறது. அதை அந்த மேசையில் நான் உணர்ந்ததை அவரும் கவனித்தார் என்றே நினைக்கிறேன். வெளியே வந்ததும் ரயில் நிலையம்வரை என்னோடு நடந்து வந்தார்.

யாழினிக்கு உதவித்தொகை கிடைத்தது. புவியியலே கிடைத்தது. அறக்கட்டளையின் பரிசளிப்பு விழா நகரத்தில் ஒரு ஹோட்டலில் நடக்க இருந்தது. ஒவ்வொரு மாணவரோடும் இரண்டு பேர் வரலாம். மாலதியும் தனபாலனும் போவார்கள் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். விழாவுக்கு முன் அவர் அழைத்து, "எனக்கு அன்னிக்கு ஷிஃப்ட் மாத்த முடியல, நீங்க போயிட்டு வாங்க," என்றார்.

அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். இப்படி ஒரு நாளுக்கு ஷிஃப்டை மாற்றிக்கொள்ளாத மனிதர் அல்ல அவர். எனக்கு இடம் விடுகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. இன்னொரு முறை கேட்டிருந்தால் தானே போக ஒப்புக்கொண்டிருப்பார். அதனால்தான் நான் கேட்கவில்லை. புதுச் சட்டை வாங்கிக்கொண்டேன்.

மேடையில் ஒவ்வொரு மாணவரும் இரண்டு வார்த்தை நன்றி சொன்னார்கள். யாழினி எழுதிவைத்திருந்த தாளைப் பார்த்து, "எங்க டாடி இல்லன்னா நான் இங்க நிக்கமாட்டேன்," என்றாள். அடுத்த வரியை அவள் படிப்பதற்குள் நிகழ்ச்சி நெறியாளர் உற்சாகமாகக் குறுக்கிட்டு, அந்த அப்பா எங்கே, எழுந்து நில்லுங்கள், நாங்கள் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் மேசையில் ஆணாக இருந்தவன் நான் ஒருவன்தான். அரங்கம் என் பக்கம் திரும்பியது. கைதட்டத் தொடங்கினார்கள்.

நான் எழுந்து நின்றேன்.

ஏன் என்று இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சபையில் சங்கடம் வேண்டாமே என்று நினைத்ததாக அன்று இரவு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது என்பது மீதி. மேடையில் யாழினி தாளை மடித்துவிட்டு, மிச்சத்தைப் படிக்காமல் இறங்கிவிட்டாள்.

அது அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. விருந்தின்போது, விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்த குழுவைச் சேர்ந்த ஒரு வயதான அம்மையார் எங்கள் மேசைக்கு வந்தார். என் கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். "மிஸ்டர் தனபாலன், உங்களப் பத்தி அந்தப் பொண்ணு எழுதியிருந்ததப் படிச்சிட்டு எனக்கு அன்னிக்கு வேற எதையும் படிக்க முடியல. பெத்தவன் விட்டுட்டுப் போன பிள்ளைய இப்படி வளர்த்திருக்கீங்க," என்றார்.

மாலதி தன் தட்டைப் பார்த்தபடி இருந்தார். யாழினி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த அம்மையாரிடம், "நன்றிங்க," என்றேன்.

விருந்து முடிந்து அவர்களைக் காரில் கொண்டுபோய் விட்டேன். செம்பவாங் வந்து இறங்கும்போது யாழினி மட்டும் குனிந்து ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "எழுந்து நிக்காம இருந்திருக்கலாம்பா."

அடுத்த வாரம் நான் தனபாலனைப் பார்க்கப் போனேன். அவர்கள் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தார். பரவாயில்லை என்று சொல்லி என்னை அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரைத் தெரிந்த நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். யாருடைய தவறையும் அவர் பெரிதுபடுத்திப் பார்த்ததில்லை. நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை பால் சேர்க்காத 'கோப்பி ஓ'வை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"கோபம்லாம் இல்ல பிரதர். கஷ்டமா இருந்துச்சு. அது வேற, இது வேற."

ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "இடம் விட்டது நான்தான். அவ மேடை ஏறறப்ப பெத்த அப்பாவும் பார்க்கட்டும்னு நெனச்சேன். பார்க்கத்தான் சொன்னேன்." பிறகு, "அந்த அம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எனக்காக இல்ல. யாழினி எழுதுனது பொய்யாயிடக் கூடாது," என்றார்.

சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை. எண் கிடைக்கவில்லை என்று ஒரு வாரம், வேலை என்று ஒரு வாரம். எண்ணைத் தேடவே இல்லை என்பதுதான் நிஜம். யாழினி பல்கலைக்கழகம் போகத் தொடங்கினாள். அவர் அதன்பிறகு அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. ஒருமுறை கேட்டிருந்தால்கூட என் சோம்பலுக்கோ கோழைத்தனத்துக்கோ அவர்மீது கொஞ்சம் எரிச்சல் பட்டுத் தப்பித்திருப்பேன். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினார். பலகாரம் கொடுத்தனுப்பினார். பிறகு அந்த மழை நாள் காலை.

புளோக்கின் கீழ்த்தளத்தில் அவர் உடலை வைத்திருந்தபோது, பட்டறையிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று விசாரித்தார். ஒருவேளை அவர் இதைப் படிக்கலாம். நண்பர் என்று சொன்னேன். அதுவும் நான் அவரிடமிருந்து கேட்காமல் எடுத்துக்கொண்ட பெயர்தான். மண்டாயில் தகனம் முடிந்து வெளியே வந்தபோது யாழினி அழவில்லை. மாலதியின் கைப்பையைத் தான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, வந்தவர்கள் அனைவருக்கும் தண்ணீர் கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதை யார் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு அழைத்தேன். கேட்டவுடன் இணைப்புக் கொடுத்தார்கள். அவ்வளவு சுலபமாக இருந்தது. தனபாலன் இறந்துவிட்டார் என்று அந்த அம்மையாரிடம் சொன்னேன். அவர் பதறிப்போய், விழாவில் நல்லாத்தானே இருந்தார், கையைப் பிடித்துப் பேசினேனே என்றார். அவர் விழாவுக்கு வரவில்லை என்று சொன்னேன்.

"அப்ப நீங்க யாரு?" என்றார்.

"அந்தக் கட்டுரையோட முதல் பத்தில வர்றவன்மா."

அவர் என்னைத் திட்டவில்லை. தேற்றவும் இல்லை. தனபாலனின் முழுப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். அவரைப் பார்த்திருக்கலாமே என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் காப்பிக்கடையிலிருந்து எழுந்து வந்த அன்றே அழைத்திருந்தால் அந்த அம்மையார் அவரைப் பார்த்திருப்பார். தனபாலனின் கையைப் பற்றிக்கொண்டு அதே சொற்களைச் சொல்லியிருப்பார். தனபாலன் வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்திருப்பார். அப்படி ஒரு நாள் நடக்காமல் போனதற்கு முழுக் காரணம் நான். அன்று அந்த அரங்கில் இருந்து கைதட்டியவர்கள் இதைப் படித்தால், அந்தக் கைதட்டலைத் தயவுசெய்து அவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் யாழினி அழைத்தாள். அடுத்த கல்வியாண்டுக்கான உதவித்தொகைக்குக் குடும்ப விவரத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம். வர முடியுமா என்றாள். போனேன். அவளும் மாலதியும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு இருந்தார்கள். குடும்ப உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இன்னும் இருந்தது. அதை நீக்கினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். நான் செய்யவா என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அது என் வேலை இல்லை. யாழினி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவளே செய்தாள். பிறகு மேசையில் தலை கவிழ்ந்து, அத்தனை நாளும் அழாததையெல்லாம் அழுதாள். மாலதி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அந்த வீட்டில் தம்ளர் எங்கே இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை, தேடித்தான் எடுத்தேன்.

தனபாலனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் சொன்ன அந்த ஒரு சொல்: கஷ்டமா இருந்துச்சு. என்னைச் சமாதானப்படுத்துவதற்காக அவர் அதை விழுங்கிவிடவில்லை. என்னால் அதைத் தாங்க முடியும் என்று நம்பிச் சொன்னார். யாரும் அதை என்னிடமிருந்து இறக்கிவைக்க வேண்டாம்.

கிளம்ப எழுந்தபோது யாழினி முகம் கழுவிவிட்டு வந்தாள். "சாப்பிட்டுப் போங்கப்பா," என்றாள். உட்கார்ந்து சாப்பிட்டேன்.