செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரவும்

பரிமாறும் வேலையில் கால்தான் வலிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்; கோபத்தை அடக்கிச் சிரித்துச் சிரித்து முதலில் வலிப்பது கன்னம். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் நின்றபடியே காலம் தள்ளும் சக ஜீவன்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

நான் நிற்பது சென்னையில் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையில். ஊர் உத்திரமேரூர் பக்கம், சாலவாக்கத்தைத் தாண்டி. என் நைனா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அடுத்தவர் சாப்பிட்ட தட்டை மகள் எடுக்கிறாள் என்பது அவருக்குப் பிடிக்கவே இல்லை. "ஒரு நாளு நானே வந்து பாக்குறன் எஸ்தரு. மரியாத இல்லாத எடம்னு தெரிஞ்சிது, அப்டியே வூட்டுக்கு இட்டுனு வந்துடுவன்" என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள். எனக்கோ இது நானாகத் தேடிக்கொண்ட வேலை. கூடிய சீக்கிரம் கேப்டன், அதாவது பரிமாறுகிறவர்களுக்குத் தலைவி, ஆக்குவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கடையில் எது நடந்தாலும் என் மனசில் முதலில் வருவது, நல்லவேளை நைனா இங்கே இல்லை என்பதுதான்.

கத்துவது என் வேலை

எங்கள் கடையில் கதவு திறந்தால் அத்தனை பேரும் ஒரே குரலில் "இரஷ்ஷாய்மாசே!" என்று கத்த வேண்டும். வாங்க வாங்க என்று அர்த்தம். ஜப்பானில் அப்படித்தானாம். மெதுவாகச் சொன்னால் மேனேஜர் கண்ணாலேயே மிரட்டுவார். சொந்தக்காரர்களைக்கூட நான் இவ்வளவு சத்தமாக வரவேற்றதில்லை.

ஒரு மத்தியானம் ஒரு அம்மா போனில் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் திடுக்கிட்டு நின்று, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நேராக மேனேஜரிடம் போனார். "ஏங்க, நான் உள்ள வந்து ஒரு வார்த்தை பேசல, அதுக்குள்ள இந்தப் பொண்ணு எதுக்கு என்கூட சண்டைக்கு வருது?"

சுடுதுண்டு

உட்கார்ந்ததும் கை துடைக்க, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சின்னத் துண்டு ஒன்றைச் சுருட்டிக் கொடுப்போம். கைக்கு மட்டும்தான் அது. ஒரு குடும்பத்தில் அப்பா அதால் முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், சட்டைக்குள் கையை விட்டு அக்குளையும் துடைத்தார். அம்மா பையனுடைய ஷூவைத் துடைத்தார். எல்லாம் முடிந்து துண்டுகள் சூப் கிண்ணத்துக்குள் போய்ச் சேர்ந்தன.

நான் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்கும்போது என் விரல் பையன் கைமேல் லேசாகப் பட்டது. அந்த அம்மா கைப்பையைத் திறந்தார். "அவங்க கை பட்டுடுச்சு பாரு, சானிடைசர் போட்டுக்கோ கண்ணா."

ஆறின சோறு

சுஷி என்றால் சின்னச் சோற்று உருண்டை மேல் மெல்லிசாக நறுக்கிய பச்சை மீன். சோறு ஆறித்தான் இருக்க வேண்டும். இதையெல்லாம் மெனு கார்டில் படத்தோடு போட்டிருக்கிறோம். யார் படிக்கிறார்கள்? ஒருத்தர் தட்டைத் திருப்பி அனுப்பி, மீனை மசாலா தடவி வறுத்துக்கொண்டு வரச் சொன்னார். முடியாது சார் என்றதும் பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார். "மீனு வேகல, சரி. சோத்தக்கூட சூடாப் போடத் தெரியலன்னா எதுக்கும்மா கடை நடத்துறீங்க?"

ஜப்பான்காரருடன் ஒரு போட்டோ

சுஷி செய்கிற பெம்பா டார்ஜிலிங் பக்கத்து ஆள். ஜப்பானை அவரும் என்னைப்போல் டிவியில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் தினம் யாராவது அவரை ஜப்பான்காரர் என்று முடிவு கட்டி, பக்கத்தில் நின்று, கும்பிடுவதுபோல் குனிந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இந்த நாட்டு மனுஷனை முகத்தைப் பார்த்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களே என்று எனக்கு எரியும். பெம்பாவுக்கு எரியாதா? ஒரு நாள் பொறுக்காமல், "அவரு டார்ஜிலிங் மேடம்" என்று சொல்லிவிட்டேன். அந்த மேடம் சளைக்கவில்லை, போனை என் கையில் கொடுத்தார். "பரவால்ல, நீ எடு. போட்டோல யாருக்குத் தெரியப்போவுது?"

ஷூ போட்ட சார்

கடையின் ஓரத்தில் பாய் விரித்த மேடை ஒன்று உண்டு. அதில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார வேண்டும். பலகையே வைத்திருக்கிறோம். போன மாதம் ஒரு சார் ஷூவோடு ஏறப் போனார். கழற்றுங்க சார் என்று பணிவாகத்தான் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. மேனேஜர் ஓடி வந்து, "நீங்க அப்படியே உட்காருங்க சார்" என்று ஷூவோடு ஏற்றி உட்கார வைத்தார்.

அந்த சார் போன பிறகு அந்தப் பாயைத் துடைத்தவள் நான். துடைக்கும்போதெல்லாம், கழற்றச் சொன்னதற்கு அவர் சொன்ன பதிலே காதில் ஓடியது. எங்கள் நைனா வாலிபத்தில் ஊர்த்தெரு வழியாகப் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டுமாம். போட்டுக்கொண்டு போனதற்கு ஒரு முறை அடி வாங்கியிருக்கிறார். வீட்டிலும் சர்ச்சிலும் தவிர வேறெங்கும் இனிக் கழற்றுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தவர். அதனால் அந்த சார் யாரைச் சொன்னார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "சொன்னவுடனே செருப்பக் கழட்டிட்டு நிக்கறதுக்கு நாங்க என்ன அந்த மாதிரி ஆளுங்களா?"

நைனா வந்தார்

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முடித்தவர்கள் வீட்டு ஆளுக்கு ஒரு வேளை சாப்பாடு போடுவது எங்கள் கடை வழக்கம். நைனா சொன்னபடியே கிளம்பிவிட்டார். செங்கல்பட்டில் பஸ் மாறி, வெள்ளைச் சட்டையும் புதுச் செருப்புமாக வந்து நின்றார். அன்றைக்குப் பார்த்து மேடை மட்டும்தான் காலி. அவரைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்து, எல்லோரிடமும் சொல்கிற மாதிரியே சொல்லித் தொலைத்தேன். "நைனா, செருப்பக் கழட்டிட்டு ஏறு."

அவர் ஏறவில்லை. "இன்னாத்துக்கு?" என்றார். மேனேஜர் வந்து, "இது ரூல் பெரியவரே, யாரா இருந்தாலும் கழட்டித்தான் ஆகணும்" என்றார். யாராக இருந்தாலுமா? கேப்டன் வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். "போன மாசம் ஒரு சார ஷூவோட நீங்கதானே சார் ஏத்தி உட்கார வெச்சீங்க? அந்தப் பாய நான்தான் தொடச்சேன்." மேனேஜர் பிடரியைத் தடவிக்கொண்டார். நைனா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார். "அந்த ஆள இட்டாந்து கழட்டச் சொல்லு சாரு. அவன் கழட்டுன உடனே நானும் கழட்டுறன்."

கொஞ்ச நேரத்தில் நாற்காலி போட்ட மேசை ஒன்று காலியானது. அதில் செருப்போடு உட்கார்ந்து நைனா சாப்பிட்டார். எடுத்துச் சாப்பிடக் கொடுத்த குச்சியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால்தான் சாப்பிட்டார். ஆறின சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் தட்டை எடுக்கும்போது மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். பையை எடுத்துக்கொண்டு வரச் சொல்லப்போகிறார் என்று பயந்தபடியே பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகச் சொன்னார். "உன்ன இட்டுனு போவலாம்னுதான் வந்தன். நீயும் வந்துட்டா இங்க இவனுங்கள யாரு கேக்குறது?"

ஆக, நான் இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன், கதவு திறந்தால் வழக்கம்போல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே, வருகிறவர்களின் காலை முதலில் பார்த்தபடி.