பிழைத்துவிட்ட செம்பருத்தி

ஐம்பது வயதுக்குமேல் எனக்குப் படம் வரையும் கிறுக்குப் பிடித்தது. கைப்பேசியில் ஒரு பெண்மணி ரோஜா வரையக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்துவிட்டு, சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் வாட்டர் கலர் டப்பா வாங்கிவந்தேன். என் கையோ நத்தை. முதல் இதழை முடிப்பதற்குள் நாமக்கல் வெயிலில் ரோஜா தலையைத் தொங்கப்போட்டுவிடும். வேறு வழியில்லாமல் தொங்கிய தலையையே வரைந்தேன். ஆச்சரியம், நன்றாக வந்தது. நான் வரைந்த புதுப் பூக்களெல்லாம் பிளாஸ்டிக் போலிருந்தன. வாடிய இதழின் ஓரத்திலோ காப்பிக்கறை போன்ற பழுப்பு, அதற்குள் லேசான ஊதா. இவ்வளவு நாளும் இதையா பெருக்கித் தள்ளினேன் என்றிருந்தது.

சித்திரையில் மொட்டைமாடிச் செம்பருத்தி காயத் தொடங்கியது. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சொந்தக்காரர்களைப்போல இலைகள் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றன. ஆசையாக வரைய உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு லாரி உதிரிபாகக் கடை. பழுதான எதையும் சும்மா விடமாட்டார். ஒருநாள் காலையில் மாடிக்குப் போனால் இலைகளெல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன. போதாததற்கு ஒரு மொட்டு வேறு.

"யாருங்க இதுக்குத் தண்ணி ஊத்துனது?"

"நாந்தான். பாவம், சாகக் கெடந்துது. பொழச்சுக்கிச்சு பாத்தியா?"

"உங்கள யாருங்க பொழைக்க வெக்கச் சொன்னது? நான் இன்னும் பாதி எலை வரையோணும்!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா சுவரோரம் வந்துவிட்டார். "என்னுங்க, யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இல்லீங்க்கா, பொழச்சிருச்சு. அதுதான் பிரச்சனை" என்றார் இவர்.

அன்று ரசத்தில் உப்பில்லை. மறந்துவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் அண்ணனுடைய மானாவாரிக் காட்டுக்குப் போனவர், மழையில்லாமல் காய்ந்துபோன மரவள்ளிச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் மண்.

"வழி நெடுக என்னத்துக்கு என்னத்துக்குன்னு கேக்கறாங்க. படம் வரையன்னு சொன்னா ஒரு மாதிரி பாக்கறாங்க. அடுப்பெரிக்கன்னு சொல்லிட்டேன்."

அவரை மன்னித்துவிட்டேன். செடி அப்படி ஓர் அழகு. ஒவ்வோர் இலையும் எதையோ பிடிக்கப்போய் விட்டுவிட்ட கைபோல மடங்கியிருந்தது. காம்புகளில் சிவப்பு போய்த் துரு நிறம் ஏறியிருந்தது. கூடத்தில் சாய்த்து வைத்து வரைந்தேன். அவர் மின்விசிறியைக்கூடப் போடாமல் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இலை உதிர்ந்துவிடுமாம். முடித்ததும் படத்தை டிவிக்கு மேலே அவரே ஆணியடித்து மாட்டினார்.

அவருடைய அக்கா வந்தவர் பார்த்துத் திடுக்கிட்டார். "ஏன்டா தம்பி, காஞ்ச செடிப் படத்த ஊட்டுக்குள்ள மாட்டுனா ஆகுமா?"

"உங்க ஊட்ல வரமொளகாய மூட்டை மூட்டையா அடுக்கி வெச்சிருக்கறீங்களே, அது ஆகுமாங்க்கா?" என்றார் இவர்.

அக்கா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். படத்தின் அருகே போய் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆமா, இதுல கெழங்கக் காணோமே?"

"வேக வெச்சுத் தின்னுட்டோமுங்க" என்றேன்.